பன்னிரண்டு ஆறு

பன்னிரண்டு மணி ஆறு நிமிடம். நான்கு திரைகளிலும் கடிகாரம் அங்கேயே நின்றிருந்தது.

கடற்கரை ஊரான இனயத்தில் ஒரு மீனவர் சங்க அலுவலகம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. எழுத்தர் இசபெல் விசைகளைத் தட்டிப் பார்த்தாள். அசைவில்லை.

“செத்துப் போச்சு,” என்றாள். “நாலும்.”

செயலாளர் ததேயுஸ் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

“உப்பு.”

கடற்கரையில் எது நின்றாலும் உப்புதான் காரணம். ஜன்னல் கொக்கி, மின்விசிறி, பைக் சங்கிலி. கணினிகளுக்கு அவர் பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டிருந்தார். வாரம் ஒருமுறை உள்ளே திறந்து துடைத்தார். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து அவை தினமும் நின்றன.

பெபிஷா அன்று காலை பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் வந்திருந்தாள். பெங்களூரில் கெர்னல் நிரல் எழுதுபவள். கெர்னல் இயங்குதளத்தின் அடித்தளம். அது விழுந்தால் எல்லாம் விழும். சங்கத்தின் கணினிகளை அமைத்தவள் அவள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்கு வந்தபோது புதிய சர்வரும் புதிய கெர்னலும் போட்டவளும் அவள். பழைய கெர்னலுக்குப் புதிய சர்வரோடு பேசத் தெரியாது. திரும்பிப் போக வழியில்லை.

“ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுது மக்களே,” என்றார் ததேயுஸ் அவளிடம். “தீர்மானம் எழுதி வச்சிட்டேன். மெஷின எடுத்துட்டு பழையபடி ஏடு.”

“ஏடு நனைஞ்சது மறந்து போச்சா மாமா?”

அவர் மறக்கவில்லை. மூன்று வருடம் முன்பு ரத்னகிரிக்கு அப்பால் ஒரு படகு மூழ்கியது. அதில் யார் போனார்கள் என்ற பட்டியல் ஒழுகும் கூரையின் கீழ் மை கரைந்து கிடந்தது. பெபிஷாவின் அப்பா சூசை அதில் போனதாகச் சொன்னார்கள். வீட்டில் ஏழு நாள் அழுதார்கள். எட்டாம் நாள் அவர் வேறு படகில் வந்து இறங்கினார். அந்த ஏழு நாளும் வேறொரு வீட்டில் யாரும் அழவில்லை. அழ வேண்டியவர்கள் அவர்கள்.

அதன் பிறகுதான் அவள் கணினி கொண்டுவந்தாள். படகுப் பட்டியல்கள் மாடியில் உள்ள சர்வரில் இருந்தன. கீழே நான்கு கணினிகளும் வலையமைப்பு வழியாக அதில் எழுதின.

இரண்டு வாரமாக அவள் பெங்களூரிலிருந்து தேடியிருந்தாள். ஆயிரம் கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்தாள், எழுதினாள், அழித்தாள். அங்கே எதுவும் விழவில்லை. கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் குழுவுக்கு எழுதினாள். ஒரு வரியில் பதில் வந்தது. உங்கள் மெமரியைச் சோதியுங்கள். அதாவது பழுது நிரலில் இல்லை, கருவியில்.

“அவியளும் உப்புன்னுதான் சொல்லுதாவ,” என்றாள் இசபெல்.

புதன்கிழமை அப்படிப் போயிற்று.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. இசபெல்லும் மற்ற மூன்று எழுத்தர்களும் திறந்திருந்த பட்டியல்களை மூடிவிட்டு எழுந்தார்கள். ஏட்டுக் காலத்துப் பழக்கம். ஜெபத்துக்கு எழும்பும்போது ஏடு திறந்து கிடக்கக் கூடாது. நின்று மூவேளை ஜெபம் சொன்னார்கள். பிறகு கவுண்டரைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குச் சாப்பிடப் போனார்கள்.

பெபிஷாவும் எழுந்து நின்று ஜெபம் சொன்னாள். முந்தின நாளும் அப்படித்தான் எழுந்து, அப்படியே சாப்பிடப் போயிருந்தாள். இன்று போகவில்லை. நான்காவது கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு ஆறு. மூன்று நின்றன. அவளுடையது ஓடியது.

இசபெல் கையில் மீன்முள்ளோடு எட்டிப் பார்த்தாள்.

“நீ இருந்த மெஷினுக்க கிட்ட மட்டும் பிசாசு வரல்ல பாத்தியா? ஏட்டி, பேசாம நாலு பேரக் கொண்டு இருத்து.”

“உப்பு மூணுல மட்டும் ஏறுமா அக்கா?”

இசபெல் மென்றுகொண்டே யோசித்தாள். “ஏறாது,” என்றாள்.

அன்று மாலை பெபிஷா மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறி ஒரு சீரியல் கேபிள் வாங்கினாள். கெர்னல் சாகும் முன், எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லும். திரை உறைந்துவிடுவதால் அங்கே படிக்க முடியாது. கேபிள் வழியாக இன்னொரு கணினியில் படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. அவள் நான்காவது கணினியில் பட்டியலை மூடினாள். கேபிளின் மறுமுனையில் தன் மடிக்கணினியை வைத்துக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

பன்னிரண்டு ஆறுக்கு நாற்பது வரிகள் வந்தன.

அவள் சாப்பிடவில்லை. வரிகளை வைத்து நிரலுக்குள் போனாள். பாதை சிறியது. கோப்பு திறந்திருக்கும்வரை கெர்னல் தொண்ணூறு விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். அதற்கு ஒரு டைமர் உண்டு. எல்லாக் கோப்பும் மூடியிருந்தால் டைமர் எழும்பும், சொல்ல ஒன்றுமில்லை என்று பார்க்கும், மறுபடி படுக்கும். ஐந்து நிமிடம் யாரும் பேசாவிட்டால் கெர்னல் இணைப்பை அறுத்து, அதன் பதிவை நினைவகத்திலிருந்து அழிக்கும். டைமரை நிறுத்தாது. ஆறாவது நிமிடம் டைமர் நான்காம் முறையாக எழுந்து, இல்லாத பதிவைத் தொடும்.

உலகத்தில் எல்லாரும் சுமை ஏற்றிச் சோதித்தார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். ஆறு நிமிடம் சும்மா இருந்து யாரும் சோதிக்கவில்லை. இங்கேயும் காலை முதல் கவுண்டரில் ஆள் ஓய்வதில்லை. மாலையில் கணினிகளையே அணைத்துவிடுவார்கள். நாள் முழுக்க ஒரே ஒரு முறைதான் எல்லாரும் எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு அவள் ததேயுஸின் மேசை முன் போய் நின்றாள்.

“மாமா, நாலு மணிக்கு மூணாவது மெஷின்ல பட்டியல மூடுதேன். நாலு ஆறுக்கு அது சாகும்.”

“நீ எப்பிடி சொல்லுத?”

“வந்து இரிங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இசபெல் வரிசையில் நின்ற மீனவர்களைக் காத்திருக்கச் சொன்னாள். அவர்களும் கவுண்டர் வழியே தலையை நீட்டினார்கள். நான்கு ஐந்து.

நான்கு ஆறுக்குத் திரை உறைந்தது.

“யம்மா,” என்றார் வரிசையில் ஒருவர். “இவ நாள் குறிச்சுக் கொல்லுதா.”

ததேயுஸ் உறையைத் தூக்கி உள்ளே பார்த்தார். துருவில்லை. மறுபடி மூடினார்.

திருத்தம் ஒரே வரி. பதிவை அழிக்கும் முன் டைமரை நிறுத்து. அது வழியில் இருந்தால் முடித்து வரும்வரை காத்திரு. பெபிஷா இசபெல்லுக்கு விளக்கினாள். சங்கத்தில் ஒரு விதி உண்டு. கடலுக்குப் போனவன் கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலில் அவன் பெயரை வெட்டலாம்.

“ஆளு கரைக்கு வராம பேர வெட்டப்பிடாது. அதுதானே?”

“அதுதான்.”

“இதுக்கா ஏட்டி மூணு நாளு?”

சனிக்கிழமை காலை நான்கிலும் புதிய கெர்னல் ஏறியது. அன்று பதினோரு படகுகள் போகவிருந்தன. பட்டியல்கள் பன்னிரண்டுக்குள் பதிவாகின. மணி அடித்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்தார்கள். ஜெபம் சொன்னார்கள். யாரும் பின்னறைக்குப் போகவில்லை.

பன்னிரண்டு ஐந்து.

பன்னிரண்டு ஆறு.

நான்கு திரைகளிலும் ஏழு விழுந்தது.

இசபெல் சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு பெபிஷாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ததேயுஸ் எட்டுவரை காத்திருந்தார். ஒன்பதுவரை காத்திருந்தார். எழுந்து போய் முதல் கணினியின் உறையை உருவினார். அடுத்ததையும் உருவினார். நான்கையும் மடித்து அலமாரியில் வைத்தார்.

“பட்டியல் எல்லாம் இருக்கா?”

பெபிஷா திறந்து காட்டினாள். பதினோரு படகு, நூற்றுப் பத்துப் பெயர். ஏழாவது படகில் மூன்றாவது பெயர் சூசை. ததேயுஸ் விரலை வைத்து அதைப் படித்தார்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்கு முன், பெபிஷா அனுப்பிய திருத்தத்துக்குப் பராமரிப்புக் குழுவிடமிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொண்டோம். கீழே ஒரு கேள்வியும் இருந்தது. நண்பகலில் நான்கும் ஒன்றாக ஓய்வது ஏன்?

ததேயுஸ் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். பழைய தீர்மானத்தின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். கீழே எழுதினார். கணினிகள் தொடரும். பழுது கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது. காரணம் என்று எழுதி, முன்பு உப்பு என்று இருந்த இடத்தைப் பார்த்தார். பேனா நின்றது.

வெளியே பூசை முடிந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கமிட்டிக்குத் தலைவர் பங்குச் சாமியார். இசபெல் ததேயுஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஜெபம் சொல்லப் போய்த்தான் மெஷின் செத்துதுன்னு, சாமியாருக்க முன்னால எப்பிடி வாசிப்பிய, செக்ரட்டரி?”