வடக்குச் செய்

"வடக்குச் செய்ய உனக்கு மஞ்சக்காணியாத் தாரேன் ஆத்தா. உங்கண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எனக்கெதுக்குய்யா அது? நான் என்ன அங்கன போயி நாத்தா நடப்போறேன்?"

"நடாட்டி போ. உன்னுதுன்னு கெடக்கட்டும்."

கல்யாணத்துக்கு முதல் நாள், வாசலில் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அய்யா இதைச் சொன்னார். நான் சிரித்தேன். மாப்பிள்ளை ஆர்.எஸ்.மங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் என்பதைத் தவிர அன்று என் மண்டைக்குள் வேறெதுவும் இல்லை. எங்கள் பக்கம் வயலைச் செய் என்போம், மகளைக் கட்டிக்கொடுக்கும்போது கொடுக்கிற நிலத்தை மஞ்சக்காணி என்போம். பத்திரமெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான். மூன்றாம் வருஷம் அய்யா போய்ச் சேர்ந்தார். திருவாடானைப் பக்கத்தில் இருக்கிற அந்தச் செய்யையும் சேர்த்து அண்ணன் குருநாதன்தான் உழுகிறார். பொங்கல் தவறாமல் முதல் பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசியும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்து இறங்குவார். அந்த அரிசி எந்தச் செய்யில் விளைந்தது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் அடுத்த பொங்கலுக்கு அந்த முதல் பஸ்ஸில் யாரும் இறங்காமல் போய்விட்டால்? இவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. எங்கண்ணனை ஒரு மாதிரி நினைத்துவிடுவாரோ என்று பயம்.

இவர் என்றால் மருதுபாண்டி, என் வீட்டுக்காரர். கடைப் பலகையில் 'ராமலெட்சுமி ஸ்டுடியோ' என்று என் பெயர்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பரீட்சைக்குப் பாஸ்போர்ட் படம், அதில்தான் எங்கள் பிழைப்பு. நெகட்டிவ்வில் பெண்களின் முகத்தில் பள்ளமோ தழும்போ தெரிந்தால், ஊசியாகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரவுவது என் வேலை. இந்த வட்டாரத்தில் எத்தனையோ மணப்பெண்களின் அம்மைத் தழும்பு என் கையால் மறைந்திருக்கிறது.

தொண்ணூத்தொண்ணு தை மாதம் இவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பாசன ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. "உங்களுதுன்னு நெனக்கிற எடத்துல போயி நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்." யாரும் காசு கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. எதுக்கு இது என்று கேட்டால், "தெரியல ராமு. மனுசன் மண்ணுல எப்பிடி நிக்கிறான்னு பாக்கணும் போல இருக்கு" என்பார். வீரையா என்றொருவர் கருவேலங்காட்டுக்குள் போய் முள்ளுக்கு நடுவில் நின்றாராம், அது ஒரு காலத்தில் அவருடைய மிளகாய்த் தோட்டமாம். இன்னொருவர் வரப்பில் நின்று பட்டாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாராம். இதெல்லாம் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. முருகம்மாள் வரும்வரை.

முருகம்மாளுக்கு ஒரு குழி நிலம் சொந்தமில்லை. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். இவர் கேட்டதும் அவள் நேராக வேல்சாமி என்ற நிலக்காரச் சம்சாரியின் வயலில் இறங்கி நடுவில் போய் நின்றுவிட்டாளாம். வேல்சாமி வரப்பிலிருந்து, "ஏத்தா, அது யாரு வயலு?" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"பட்டா ஒங்க பொட்டிக்குள்ளயே கெடக்கட்டும் மொதலாளி. இருவது வருசமா இந்தச் சேத்துல நிக்கிறது யாரு காலு?" என்றாளாம் முருகம்மாள்.

சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. அப்புறமும் அவளையே அறுப்பில் ஒரு படம், அந்தக் கார்த்திகை நடவில் ஒரு படம், மார்கழிக் களையெடுப்பில் இன்னொன்று. சோற்றில் குழம்பை ஊற்றினால், "முருகம்மா நிக்கிற நெலை இருக்கே ராமு" என்று ஆரம்பிப்பார். எழுந்து போய்விடலாமா என்று இருக்கும். என்னை இவர் கடைசியாக எடுத்தது பாங்குக் கணக்குக்கு. "தாடையத் தூக்கு" என்றார், தூக்கினேன், அவ்வளவுதான். பலகையில் என் பெயர், படத்தில் அவள் கால்.

ஒரு மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது அந்த நடவுப் படத்தின் நெகட்டிவ்வை எடுத்து வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தேன். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நட்டு முடித்த வயலில், முழங்கால்வரை சேறோடு, இடுப்பில் கை வைத்து நின்றாள். முகத்தில் நான் நிரவ வேண்டிய பள்ளங்கள் நிறைய இருந்தன. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டவளாகத் தெரியவில்லை. நாற்பது வயதுக்காரியை அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இவர் கண்ணில் எந்தக் கள்ளமும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? பென்சிலை வைத்துவிட்டு பிளேடை எடுத்தேன். அவள் இரண்டு கால்களையும் சுரண்டிவிட்டேன்.

நெகட்டிவ்வில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். சாயங்காலம் இவர் பிரிண்ட் போட்டு ஈரத்தோடு வெளியே கொண்டுவந்தார். முருகம்மாள் முழங்காலுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழிகளோடு அந்தரத்தில் நின்றாள்.

"பிளேடு நழுவிருச்சா ராமு?"

"ஆமா."

"ரெண்டு கால்லயுமா?"

கத்துவார் என்று நினைத்தேன். படத்தைக் கிளிப்பில் மாட்டினார். "இனி அடுத்த கார்த்திகைக்குத்தான் எடுக்க முடியும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஊரையெல்லாம் கேட்டேன், உன்னையக் கேக்கல. தப்புத்தான். நீ எங்கன நிப்ப?"

"அடுப்படியில. வேற எங்கன நிக்க விட்டீக?"

"வெளையாட்டுக்குக் கேக்கல ராமு."

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வீடு மாமனாருடையது. கடை வாடகைக்கு. பலகை என்னுடையது என்றால் அதன் மேல் எப்படி நிற்பது? ராத்திரி பூராவும் கால் வைக்க ஓர் இடம் தேடினேன். எங்கே போனாலும் முருகம்மாள் முன்னாலேயே அங்கே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் இவரைப் பற்றியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கூலிக்காரி ஊரார் வயலில் அப்படி நிற்கிறாள். எனக்கென்று சொன்ன செய் இருந்தும் பன்னிரண்டு வருஷமாக நான் அதன் வரப்பைக்கூட மிதிக்கவில்லை.

"எங்க ஊருக்குப் போகணும்" என்றேன் காலையில். இவர் கேமராப் பெட்டியை எடுத்து வைத்தார்.

தை பிறந்து இரண்டு வாரம். பொங்கல் மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போன அண்ணனுக்கு எங்களைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. அவர் வீட்டுக்காரி ராக்கு மதினி கோழி அடிக்கக் கிளம்பினாள். படம் எடுக்க வந்திருக்கிறோம் என்றதும் அண்ணனும் கூடவே வந்தார்.

"என்ன மாப்ள, எந்தங்கச்சியக் கொண்டாந்து வயக்காட்டுல நிறுத்துறீக? சினிமாவுல சேக்கப் போறீகளா?"

"அவளே வந்து நிக்கேங்குறா மச்சான். நான் பொட்டியத் தூக்குற ஆளுதான்."

வடக்குச் செய்யில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. இன்னும் பத்து நாளில் அறுப்பு. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டேன். வாய்க்காலுக்குள் விழுந்துவிடும் என்று அண்ணன் குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் பையையும் அப்படித்தான் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

நான் உள்ளே இறங்கினேன். அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. கதிர்கள் சேலையில் உரச நடுவில் போய் நின்றேன். வழக்கம்போல தாடையைத் தூக்கினேன், பிறகு இறக்கிக்கொண்டேன். கை எங்கே போவது என்று தெரியவில்லை. இவர் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

"ஆத்தா, தள்ளி வரப்புல வந்து நில்லு" என்றார் அண்ணன். "கதிரு மிதிபடுது பாரு."

பாசமாகத்தான் சொன்னார். என் கால் தானாக ஓரடி நகர்ந்தது. நகர்ந்த பிறகு நின்றுவிட்டது. முருகம்மாள் நகர்ந்திருப்பாளா? வேல்சாமி அவளுக்கு அண்ணன் இல்லை, அவளுக்கு வர வேண்டிய முதல் பஸ்ஸும் இல்லை. எடுத்த அடியைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தேன். விரல்களுக்கு நடுவில் சேறு குளிர்ச்சியாகப் பிதுங்கியது.

"அண்ணே, இந்தச் செய்ய எனக்குக் குடுத்துருங்கண்ணே. அய்யா எனக்குன்னு சொன்னாருல்ல."

இவர் தலை கேமராவிலிருந்து மெல்ல உயர்ந்தது. அண்ணன் வரப்பில் அசையாமல் நின்றார், இரண்டு கையிலும் என் செருப்புகளோடு.