டியூப் எடுத்த கை

ஆலங்குடாவில் தார் ரோடு முடிகிற இடத்தில் சிவகரன் ஜீப்பை நிறுத்தி இறங்கி, நான்கு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டான். மணலுக்குள் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். காற்றுக் குறைந்த டயர் மணலில் பரந்து ஓடும். காற்று நிறைந்த டயர் குழி தோண்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிடும். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களைக் கரை கரையாக ஏற்றித் திரிகிற சிவகரனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் அன்றைக்கு முன் சீட்டில் இருந்தது வெள்ளைக்காரர் இல்லை, அவனுடைய அண்ணி இரஞ்சிதம்.

"காத்தைத் திறக்கிறியோ, கோலம் போடுறியோ? கெதியா வாடா!"

இரஞ்சிதத்தின் வாய் உடப்புக் கிராமம் முழுக்கப் பிரசித்தம். மீன் எடுக்க வரும் முதலாளிமார் அவள் கணவன் முத்துலிங்கத்தோடு மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள். அவள் கரைக்கு இறங்கிவிட்டால் பேரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்பேர்ப்பட்ட வாய் முந்தாநாளிலிருந்து அடங்கிக் கிடந்து, இப்போதுதான் திறந்திருக்கிறது.

முந்தாநாள் அடித்த காற்றில் முத்துலிங்கத்தின் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன உமாசுதனை மறுநாள் வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. இருட்டில் அலை தங்களைப் பிரித்துவிட்டது, அதற்குப் பிறகு முத்துலிங்கத்தைக் காணவில்லை என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே காற்றில் சிலாபத்துப் படகு ஒன்றும் காணாமல் போயிருந்தது. அதிலும் ஆட்கள் இருந்தார்கள்.

இன்று மத்தியானம் சிவகரனின் போன் அடித்தது. ஆலங்குடாவுக்கு வடக்கே, கரையில் ஓலைக் கொட்டில் போட்டுக் கருவாட்டு வாடி நடத்துகிற பதியுதீன் நானா பேசினார். "ஒரு மனுசன் கரையில ஒதுங்கி ஈக்கிறார் தம்பி. உசுர் ஈக்கிது. நடக்க ஏலாது, கதைக்கவும் ஏலாது. ஜீப்பைக் கொண்டு வாங்க." ஆள் எப்படி, வயது என்ன என்று சிவகரன் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை. கடல் இருந்த கோலத்தில் படகு விட முடியாது. அம்புலன்ஸ் தார் ரோட்டைத் தாண்டி வராது. இந்த ஜீப் போனால்தான் உண்டு.

ஒதுங்கிய மனுசன் யார் என்பது மட்டும்தான் இரஞ்சிதத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர்தான் என்று ஒரு மூச்சில் நினைத்தாள். அவராக இல்லாவிட்டால் என்று அடுத்த மூச்சில் பயந்தாள். அதனால்தான் அந்தப் பாவப்பட்ட சிவகரன் மேல் எரிந்து விழுந்துகொண்டு வந்தாள். அவள் கத்திய கத்தலில் அவனும் எப்போதும் விடுவதைவிடக் கூடுதலாகவே காற்றை விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினான்.

பாதை என்று பெயர்தான். தாழம் பற்றைகளுக்கு இடையில் இரண்டு தடம், நடுவில் புல். காற்றாலைகள் பின்னால் சிறுத்துக்கொண்டே போயின. ஒரு மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு ஏறுவதற்காகச் சிவகரன் ஒரு மிதி மிதித்தான். பின்பக்கம் சடக்கென்று ஒரு சத்தம். ஜீப் ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டது.

இறங்கிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான். காற்று அளவுக்கு மீறிக் குறைந்ததால், டயர் நின்ற இடத்தில் நிற்க, ரிம் மட்டும் உள்ளே சுழன்றிருந்தது. அந்தத் திருகலில் டியூப்பின் வால்வு வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஓட்டை என்றால் ஒட்டலாம். வால்வே போன டியூப்பை என்ன செய்வது?

"பயப்பிடாதீங்கோ அண்ணி, ஸ்பெயார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஜீப்பின் முதுகில் தொங்கிய சக்கரத்தின் உறையைக் கழற்றினான். சக்கரத்தை இறக்கும்போதே அது தொளதொளவென்று இருந்தது. வால்வு இருக்க வேண்டிய துளைக்குள் அவனுடைய சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது.

"அண்ணி... உள்ளுக்க டியூப் இல்லை. ஆரோ கழட்டிப்போட்டாங்கள்."

அந்தக் கரையில் ஒரு டியூப் சும்மா கிடந்தால் போதும், அடுத்த நாளே களப்புத் தண்ணீரில் மிதக்கும். குறுக்கே ஒரு பலகையைக் கட்டி ஏறி உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள், வலை பார்ப்பார்கள். அது சிவகரனுக்கும் தெரியும். ஆனால் டயருக்குள் இருந்த டியூப்பை உருவியெடுத்து, டயரைத் திரும்ப ரிம்மில் ஏற்றி, மேலே உறையும் போட்டுவிட்டுப் போகிற அளவுக்கு மரியாதை தெரிந்த கள்ளனை அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இரஞ்சிதம் ஒரு கணம் அந்தத் துளையைப் பார்த்தாள். பிறகு உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிற தெற்குத் திசைக்குத் திரும்பி, மணலை ஒரு பிடி அள்ளி வீசினாள்.

"திரௌபதை அம்மாளே, கேட்டியா? ஒரு உசிரைத் தூக்கப் போற வண்டியில கை வைச்சிருக்கிறான். அவன்ட கை விளங்காமப் போகோணும்! எடுத்த கை அழுகிப்போகோணும்!"

அந்தச் சத்தத்துக்குத் தாழம் பற்றைக்குள் இருந்த கவுதாரிகள் எழும்பிப் பறந்தன. சொல்லி முடித்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடக்கே நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணி, நில்லுங்கோ! நடந்து போய்ச் சேருவியள், சரி. அங்க கிடக்கிறது அண்ணன் எண்டா, தோளில போட்டுக்கொண்டோ வரப்போறியள்?"

அவள் நின்றாள். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. படகு கவிழ்ந்த செய்தி வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த வெறும் மணலில் நின்று அழுதாள். சிவகரன் எதையாவது பேச வேண்டும் என்பதற்காகவே பேசினான்.

"மன்னார்ப் பக்கம் ஒருத்தன் டயருக்குள்ள வைக்கலைத் திணிச்சு ஓடினவனாம். இங்க வைக்கலுக்கு எங்க போறது..."

இரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரையோரம் கடல் ஒதுக்கிய பழைய வலை ஒன்று பாதி புதைந்து கிடந்தது.

"வலை காணாதோ?"

போதும் என்றுதான் பட்டது. இரண்டு பேருமாக இழுத்தெடுத்து, மணல் உதறி, கத்தியால் துண்டு போட்டார்கள். அவள் ஒவ்வொரு துண்டையும் இறுக்கி முறுக்கிக் கொடுத்தாள். அவன் ஸ்பெயார் டயரின் விளிம்பைக் கம்பியால் நெம்பித் தூக்கி உள்ளே அடைத்தான். வாழ்நாள் முழுக்க வலைக்குள் சிக்கினதை வெளியே எடுத்துப் பழகியவள் வலையையே ஒன்றுக்குள் சிக்க வைத்தது அன்றைக்குத்தான். விரல் நகம் பிய்ந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கடைசியில் சக்கரம் ஒரு மாதிரி நின்றது. வண்டியைத் தூக்கும் ஜக் மணலுக்குள் இறங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை வைத்து, சக்கரத்தை மாட்டி முடுக்கினான்.

ஜீப் நொண்டி நொண்டிப் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தூக்கு, ஒரு குலுக்கு. ஆனாலும் போனது.

வாடி தெரிந்தது. கருவாடு காய்கிற பரண், இரண்டு ஓலைக் கொட்டில், வாசலில் கையை உயர்த்திக்கொண்டு நின்ற பதியுதீன் நானா. ஜீப் நின்றது. அவ்வளவு நேரமும் கெதி கெதி என்று உயிரை எடுத்த இரஞ்சிதத்தால் இறங்க முடியவில்லை.

"சிவா, நீ போய்ப் பாரடா. நீ பாத்திட்டு வந்து சொல்லு."

அவன் இறங்கி இரண்டு அடி வைத்திருப்பான். கொட்டிலுக்குள்ளிருந்து அடைத்துப் போன குரல் ஒன்று வந்தது.

"ஆர் அது, சிவாவோ?"

அதற்குப் பிறகு யார் முதலில் உள்ளே போனது என்று கேட்டால் சிவகரன் சொல்வான், அண்ணி தன்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள் என்று.

முத்துலிங்கம் பாயில் கிடந்தார். உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்து, ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் அவர்தான். இரஞ்சிதம் அவருடைய நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், காலைப் பிடித்துப் பார்த்தாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சில் முந்தாநாள் இரவிலிருந்து பிடித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே போனது.

"தேத்தண்ணி குடிச்ச புறகுதான் கதை வந்திச்சு" என்றார் பதியுதீன் நானா. "அல்லாட காவல், தங்கச்சி. மனுசன் கையைக் கயித்தால டியூப்போட சேத்துக் கட்டி ஈக்கிறார். அந்தக் கட்டு இல்லாட்டி அசந்த நேரம் நழுவிப் போயிருப்பார். கயிறு சதைக்குள்ள இறங்கிட்டு, அறுத்துத்தான் எடுத்த. மருந்து போட்டா ஆறிடும்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவருடைய வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் வரை பழைய சாரத் துண்டால் சுற்றப்பட்டிருந்தது. துணி ஓரத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

சிவகரன் மூலையில் கிடந்த டியூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு டியூப், அதில் சிவப்பாக ஒரு ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது அவனே.

"அண்ணா, இது என்ட டியூப் எல்லோ?"

முத்துலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். "திருவிழாவுக்கு வந்து ஜீப்பை வீட்டில விட்டுட்டு நிண்டனீ. படகுக்கு ஒண்டு தேவையா இருந்தது. கேட்டா நீ தரமாட்டாய். சொல்லுவம், சொல்லுவம் எண்டு..."

சிவகரன் மெல்ல அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. துணி சுற்றிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஏன் இப்பிடி முழிக்கிறாள்?" என்றார் முத்துலிங்கம்.

"ஒண்டுமில்லை அண்ணா. வரேக்க வழியில உங்கட கையைக் கொஞ்சம் சுகம் விசாரிச்சவ."

சிரிப்பை அடக்க முடியாமல் அவன் வெளியே வந்தான். வந்து ஜீப்பின் சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து, கொஞ்ச நேரம் அழுதான். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று அழ அவனுக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது.

பிறகு வலையை உருவி எறிந்துவிட்டு, டயருக்குள் அந்த டியூப்பைப் போட்டு, கால் பம்பால் மிதி மிதியென்று மிதித்தான். இந்தத் தரம் காற்று அளவாக இருந்தது. பின்னால் பாயை விரித்து முத்துலிங்கத்தைக் கிடத்தினார்கள். இரஞ்சிதம் அவருடைய கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப் சத்தமில்லாமல் மணலில் ஓடியது. சிக்னல் வந்ததும் அம்புலன்ஸை ஆலங்குடாவுக்கு வரச் சொல்லியாயிற்று.

அந்த மணல் மேட்டடிக்கு வந்ததும் இரஞ்சிதம் கத்தினாள். "நிப்பாட்டு!"

"என்ன அண்ணி? அம்புலன்ஸ் வந்திடும்."

"சொன்ன சொல்லைச் சொன்ன இடத்திலதான் திருப்பி எடுக்கோணும். ஒரு நிமிசம்."

இறங்கினாள். தான் மணல் அள்ளி வீசிய இடத்தைத் தேடி நின்றாள். அதே தெற்குத் திசைக்குத் திரும்பி, முன்பு கத்தியதைவிடப் பெரிதாக, கோயில் வரைக்கும் கேட்டே ஆக வேண்டும் என்பது போலக் கத்தினாள்.

"அம்மாளே! நான் விசரி, என்ட வாயைக் கணக்கில எடுக்காத. டியூப்பை எடுத்த கை நல்லா இருக்கோணும்! எடுத்த கை நூறு வருசம் வலை இழுக்கோணும்!"

பிறகு அங்கிருந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு ஏறி, அவருடைய முழங்கையில் மெல்லப் பூசினாள்.

"ஆரோடடி கதைக்கிறாய்?" என்றார் முத்துலிங்கம்.

"அம்மாளோட. நீங்க பேசாமக் கிடவுங்கோ" என்றாள். ஜீப் நகர்ந்த பிறகு குனிந்து அவர் காதோடு சொன்னாள். "இனிமே கேட்டு எடுங்கோ."