ஒரே ஒரு தொட்டி எண்ணெய்

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள எங்கள் மெய்ன் மாநிலத்தில் நவம்பர் பிறக்கும் முன் வீட்டைச் சூடாக்குகிறவர்களை யாரும் மதிப்பதில்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று அக்டோபர் முழுக்க ஜன்னலோரம் நின்று வேவு பார்ப்போம். பதினெட்டு வருஷமாக எங்கள் சாலையில் கடைசியாகப் புகைவிடும் வீடு என்னுடையது. பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் போன வருஷக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை என் பெருமையை ஒரு கை பார்த்துவிட்டது. பள்ளிச் சமையலறையில் நான் வாங்கும் சம்பளம் அப்படியே நிலவறைக் கொதிகலனுக்குப் போயிற்று. கோடை முடிந்ததும் மகள் ரொவீனா பாங்கர் நகரத்திலிருந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். என் வீட்டில் அவள் கோட்டைக் கழற்றி வெகுநாளாகிறது.

"இத வித்துடும்மா. எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் இருக்கு. வாடகையிலயே ஹீட்டரும் அடக்கம்."

"உங்கப்பாவும் நானும் கையால கட்டுன வீடுடி இது."

"கட்டுனீங்க சரி. ஓட்டைய யாரு அடைக்கிறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் அடைக்கிறேன். ஒரே ஒரு தொட்டி எண்ணெய். மார்ச்சுல ஊர்க்கூட்டம் வரைக்கும் அத வச்சே ஓட்டிக் காட்டுறேன். நடுவுல தீந்துச்சுன்னா நானே பெட்டியக் கட்டுறேன்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நீ மாறாம இருந்தாச் சரி."

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். வீட்டின் அடித்தளத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்கு ஊசியிலைக் கிளைகளை அடுக்கினேன். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினேன். மாடியை மூடிவிட்டுக் கட்டிலைச் சமையலறையில் விறகடுப்புப் பக்கம் போட்டேன். பனி விழுந்ததும் அதையும் வாரிக் கிளைகள் மேல் அணைத்தேன். காற்று உள்ளே வரட்டும் பார்க்கலாம் என்றிருந்தேன்.

எண்ணெய்த் தொட்டியின் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் சிவப்பு மிதவை. எண்ணெய் குறையக் குறைய அதுவும் இறங்கும். ஜனவரிக் கடைசியில் நிலவறைக்குப் போய்ப் பார்க்கிறேன், மிதவை அடியில் கிடக்கிறது. ஊர்க்கூட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

எண்ணெய் லாரிக்கார ஹோலிஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கூப்பிடவில்லை. குழாய் உறையாத அளவுக்கு மட்டும் சூட்டை விட்டுவைத்தேன். அந்தக் கொஞ்சச் சூடும் குழாயை எட்டட்டும் என்று பாத்திரம் கழுவும் மேடைக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்தே போட்டேன். செத்துப்போன என் வீட்டுக்காரரின் வேட்டைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சமைத்தேன். ஒரு நாள் ரொட்டி மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்ததைப் பார்த்து அழுதேவிட்டேன். பிறகு அதையே சுட்டுத் தின்றேன்.

ஊர்க்கூட்டத்தன்று காலையில் ரொவீனா வந்தாள். கோட்டுப் பையில் ஃப்ளாட் வாடகைக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. சாட்சிக்கு ஹோலிஸையும் லாரியோடு வரச் சொல்லியிருந்தாள். மூவரும் நிலவறைக்கு இறங்கினோம்.

"அடியில கெடக்குதேம்மா."

"கொதிகலன் ஓடுதா இல்லையா?"

"எத்தன நாளைக்கு?"

ஹோலிஸ் தொட்டி மூடியைத் திருகிக் கழற்றி அளவுக்குச்சியை விட்டார். எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார்.

"வெர்னா, பாதிக்கு மேல இருக்கு."

நான் கண்ணாடிக் குமிழைத் தட்டிப் பார்த்தேன். மிதவை அசையவில்லை.

"மிதவை எண்ணெயக் குடிச்சு முழுகிருச்சு. ஒரு போன் அடிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப. எனக்கு மட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். "ஆறு வாரம் சும்மா நடுங்கியிருக்க."

ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் குச்சியில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"சும்மாவா? மார்ச்சுல பாதித் தொட்டி வச்சிருக்குற வீடு இந்த ஊர்ல வேற காட்டு."

ஹோலிஸ் நிஜமாகவே யோசித்தார். "கெடையாது."

"அப்ப லாரியத் திருப்பு. கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடு. அதுக்குத்தான நீ இருக்க."

அவர் போனதும் மேலே வந்தோம். ரொவீனா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"கூட்டம் எத்தன மணிக்கும்மா?"

"பத்துக்கு."

"நேரம் இருக்கு. காப்பி போடு."

சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி, பையிலிருந்த காகிதத்தோடு கதவோர ஆணியில் மாட்டினாள்.