மூக்குக்குழாயும் இஞ்சு டேப்பும்

1

இந்தக் கதை ஒரு இஞ்சு டேப்பில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு வந்துபோன நர்ஸம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு தையல்காரர் இருக்கார் சார். பொண்டாட்டிக்கு மூக்குக்குழாயில பால் ஊத்துறதுக்கு முன்னாடி டேப் வெச்சு அளக்குறார்." மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

முதல் வரி: பக்கவாதம் அந்த வீட்டின் பாதியை

(வேண்டாம். இஞ்சுக்கணக்கில் பேசுகிற மனுஷனுக்கு இந்த ஜோடனையெல்லாம் ஒட்டாது.)

2

தையல்காரரின் மனைவிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. வாய்வழி கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். வேளாவேளைக்குத் தலைமாட்டை உயர்த்தி, மூக்கு நுனியிலிருந்து வெளியே தொங்கும் குழாயின் வாய்வரை அளப்பார். இருபத்திரண்டு இஞ்சு இருந்தால்தான் சத்துப்பால். "நீளம் கூடியிருந்தா குழாய் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு சொட்டு ஊத்தக் கூடாது." நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பால் இறங்கும் வரைக்கும் அவளுடைய இடக்கை அவர் சட்டைக் காலரைப் பிடித்திருக்கும். அந்த வீட்டில் அவரோடு பேசுவது அந்தக் கை ஒன்றுதான்.

(அவருக்கு ஒரு மகளை வைத்திருந்தேன். தினமும் ஃபோன் பண்ணி அவர் தனிமையைக் கெடுத்தாள். அடித்துவிட்டேன். பாவி நான்.)

3

இன்று மத்தியானம் இருபத்தாறு.

மறுபடி அளந்தார். அதே இருபத்தாறு. மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவள் இடக்கை விரலில் இருந்தது.

"நீயாடி இழுத்தே? ஏன்டி? வாயால சாப்பிடணும்போல இருக்கா? இல்ல, போதும்ங்கறியா?"

அவள் காலரைப் பிடித்தாள். அது எதற்குப் பதில் என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியவில்லை.

ஃபோன் பண்ணிக் கேட்டதற்கு, நர்ஸம்மா வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். பால் ஆறியது. அவர் தட்டும் மூடியே கிடந்தது. அவளை விட்டுவிட்டுச் சாப்பிட்டுப் பழக்கமில்லை.

4

"தானா நழுவிச்சா, அம்மா இழுத்தாங்களா?" வந்ததும் நர்ஸம்மா கேட்டார். "மறைக்காம சொல்லுங்க. இழுத்தாங்கன்னா கைக்கு உறை மாட்டிக் கட்டணும். பால் ஓடும்போது இழுத்துட்டா உயிருக்கே ஆபத்து."

முடிவு ஒன்று: "தானாத்தாம்மா நழுவிச்சு" என்கிறார். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பால் பாதி இறங்கியிருக்கும்போது

(கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். கட்டுகிறார்கள்.

இதை யோசித்து எழுத வேண்டியதே இல்லை. நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததும் இதே குழாய் விஷயமாகத்தான். என் அப்பா இழுத்தபோது நான் உண்மையைச் சொன்னேன். நாற்பது நாள் கையைக் கட்டியே வைத்திருந்தோம். உடம்பு தேறியது, எடைகூட ஏறியது. அவிழ்த்துவிட்ட பிறகு அந்தக் கை என்னைத் தேடவே இல்லை.

தையல்காரர் கழுத்தில் டேப் தொங்குகிறது. காலரில் அவள் கை. நர்ஸம்மா பதிலுக்கு நிற்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். நான் ஒருதடவை சொல்லியாயிற்று.