ஒன்பது மணி நேரம்

அக்காவுக்கு டிக்கெட் போடும்போது ஓர் ஈனப் புத்தி எட்டிப் பார்த்தது. நேர் விமானம் என்றால் ஒன்பது மணி நேரம். நடுவில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு நாள். அதையே போட்டுவிட்டால் நான் சொன்ன பொய் தப்பித்துவிடும் என்று விரல் அங்கேயே நின்றது. அக்காவின் முழங்கால் வலி நினைவுக்கு வந்ததால் நேர் விமானத்தைப் போட்டேன்.

பொய் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. மாமா, அதாவது அக்காவின் கணவர், இறந்த அன்று போனில் சொன்னேன்: "மூணு பிளேன் மாறணும்க்கா, ரெண்டு நாள் ஆயிடும். எனக்காகக் காத்திருக்காதீங்க." உண்மையில், மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். ஹோட்டல் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் லீவு கேட்க வாய் வரவில்லை. என்னைப் படிக்க வைத்தவர் மாமா. அந்த சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கத்தான் கூசுகிறது.

அக்கா காலையில் வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைத் திறந்தாள். இரண்டு செட் மாற்றுத் துணி, நான்கு ரொட்டிப் பொட்டலம், வேளை வாரியாகக் காகிதத்தில் மடித்த மாத்திரைகள். ஒவ்வொன்றின் மேலும் 'முதல் நாள் ராத்திரி', 'ரெண்டாம் நாள் காலை' என்று எழுதியிருந்தாள். பிரித்திருந்தது ஒன்றே ஒன்று.

"ஏறி ஒரு தூக்கம் போட்டேன், எறங்கச் சொல்லிட்டாங்க. அடுத்த பிளேன் எங்கம்மான்னு கேட்டேன். அவ்வளவுதான், ஊர் வந்தாச்சுன்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு."

"இப்ப புதுசா விட்டிருக்காங்கக்கா," என்றேன். பொய்க்கு மேல் பொய்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள் போனை வைஃபையில் இணைத்துக் கொடுத்ததும் அடித்தது. மாமாவின் தம்பி. சாவு வீட்டில் எல்லார் எதிரிலும், "உங்க தம்பிக்கு வர மனசில்ல அண்ணி" என்று சொன்னவர். ரெண்டு நாள் வழி, அவன் என்ன இறக்கை கட்டிக்கிட்டா வருவான் என்று அக்கா அவரிடம் சண்டைக்குப் போனாளாம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போனை எடுக்கப் போன என் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதடா. நான் இன்னும் பிளேன்ல இருக்கேன்."

போன் அடித்து ஓய்ந்தது. எனக்குத் தரையைவிட்டுக் கண் எழவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் குளிக்கத் துண்டு கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே மாமாவின் தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"இப்பதான் தம்பி எறங்குனேன். மூணு பிளேன். உடம்பே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பாவம், இவன் மட்டும் அன்னைக்கு எப்படி வந்திருப்பான், சொல்லுங்க."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.