எல்லாம் ஒரே அளவு

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. எதிலும் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது அவருக்கு. அன்று காலை என் மேசைக்கு வந்தார்.

"மதியம் முதலாளியம்மா வர்றாங்க. ஸ்லைடெல்லாம் கண்றாவியா இருக்கு. ஒரே ஃபாண்ட், ஒரே அளவு, ஒரே கலர். முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. விற்பனைப் பிரிவு வானவில்லையே கொட்டியிருந்தது. கணக்குப் பிரிவு எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டு அதட்டியது. பெயிண்ட் கம்பெனி என்பதற்காக இருக்கிற நிறத்தையெல்லாம் ஸ்லைடிலா கரைப்பார்கள்?

வழி சுலபம்தான். எல்லா ஸ்லைடுக்கும் தாய் மாதிரி 'மாஸ்டர்' என்று ஒன்று உண்டு. அதில் எழுத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். யாராவது தனியாக மாற்றி வைத்த எழுத்து மட்டும் அடங்காது. அதைத் தேடிப் பிடித்து 'ரீசெட்' தட்ட வேண்டும்.

அப்படித் தேடும்போது, பாதுகாப்பு ஸ்லைடின் அடியில் கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. அழுக்கென்று நினைத்துத் திரையைத் துடைத்தேன். போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டாம் அளவில், வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுத்து: 'கலவை அறையில் புகை இழுக்கும் விசிறி ஓடவில்லை. தொழிலாளர்களுக்கு மூச்சுத்திணறல். புது விசிறிக்கு அனுமதி தேவை.'

கலவை அறையில்தான் என் அக்கா வேலை பார்க்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். விசிறி எப்போது வரும் என்று கேட்டால் இஸ்திரி, "மேலிடத்துக்குச் சொல்லியாச்சும்மா" என்பார். சொன்ன லட்சணம் இதுதான். வருஷச் செலவுக்கு முதலாளியம்மா கையெழுத்துப் போடப்போவது இன்றைக்குத்தான். இன்று தவறினால் அக்கா இன்னொரு வருஷம் அந்தப் புகையில் நிற்க வேண்டும்.

ரீசெட் தட்டினேன். அந்த வரி மற்ற வரிகளுக்குச் சமமாக, கறுப்பாக எழுந்து நின்றது.

கூட்ட அறையில் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது இஸ்திரியின் முகம் மாறியது.

"அதை மட்டும் பழையபடி ஆக்கிடும்மா."

"ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அது சும்மா குறிப்பு. நான் செலவைக் குறைச்சேன்னு முதல் ஸ்லைடுல போட்டுட்டு, இங்க விசிறி கேட்டா நல்லாவா இருக்கும்? சொன்னதைச் செய்."

"ஒரே மாதிரி ஆக்கணும், அவ்வளவுதானே?"

மாஸ்டரைத் திறந்தேன். அத்தனை எழுத்தையும் எட்டாம் அளவாக்கிச் சாம்பல் பூசினேன். லாபம், விற்பனை, முதல் ஸ்லைடில் இருந்த இஸ்திரியின் பெயர், எல்லாம் எறும்பு வரிசையாகிவிட்டன. "என்ன பண்றே நீ?" என்று அவர் மவுஸுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

முதலாளியம்மா உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாதும்மா. கலவை அறையைப் பத்தி உங்களுக்கு இந்த அளவுலதான் எழுதி வெச்சிருந்தாங்க. மத்ததும் அப்படியே இருக்கட்டும்னு ஆக்கினேன்."

மாஸ்டரில் பழைய அளவைத் திருப்பி வைத்து, பாதுகாப்பு ஸ்லைடுக்குப் போனேன்.

அவர் அந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். "மூச்சுத்திணறலா? யாருக்கு?"

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்ற இஸ்திரி, என் பக்கம் திரும்பினார். "நீ வெளியே போ. அப்புறம் பேசிக்கலாம்."

"போறேன் சார். வேலையை விட்டே போகச் சொன்னாலும் போறேன். முதல்ல போய் எங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன், அம்மா நேர்லயே கேக்கட்டும்." முதலாளியம்மாவைப் பார்த்தேன். "கொஞ்சம் காத்திருக்கணும்மா. ஒரே ஒரு மாடிதான். ஆனா அவ ஏறி வர நேரமாகும்."