பச்சை ஸ்வெட்டரின் இரண்டாவது கை

குடும்பத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'டெலிபோன்'. முப்பத்தோரு வருடம் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எத்தனையோ வீட்டுச் சண்டைகள், எத்தனையோ திருட்டுக் காதல்கள் காதில் விழுந்திருக்கும். ஒன்றுகூட வாயில் வந்ததில்லை. "என் காதுக்கும் வாய்க்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்று அவளே பெருமையடித்துக்கொள்வாள்.

கணவர் போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டாள். பொழுது போகக் கம்பளி பின்னுவாள். காலுறைக்கு இரண்டு கண்டு நூல் வாங்கப் போன ஒரு வியாழக்கிழமை, நூல்கடைக் கண்ணாடி வழியாக எதிரே இருந்த காப்பிக் கடையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் மகன். பக்கத்தில் யாரோ ஒருத்தி. அவள் நெற்றியில் விழுந்த முடியை இவன் விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் கடைக்காரி.

"என் பிள்ளை."

"அது மருமகளா? ஜோடி நல்லா இருக்கு."

ஊர் பேர் தெரியாதவளிடம் வேறென்ன சொல்வது? தலையை ஆட்டிவைத்தாள். இரண்டு கண்டுக்கு வந்தவள், கரும்பச்சையில் பத்துக் கண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் டெலிபோன் அவளுக்கென்று ஒரு குல்லாய்கூடப் பின்னியதில்லை. "உனக்கு ஒரு ஸ்வெட்டர் போடறேன்" என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் பின்னல் அது. கழுத்திலிருந்து தோள்வரை வட்டமாக லேஸ் வேலை, இலை இலையாக. ஒவ்வோர் இலைக்கும் நூலை ஊசியில் சுற்றி ஓட்டை விட வேண்டும். ஒரு சுற்று மறந்தால் இலை கோணிக்கொள்ளும். மூன்று தடவை பிரித்துப் போட்டாள். மேலிருந்து இறங்குவதில் ஒரு வசதி, பாதியிலேயே தலை வழியாக மாட்டி அளவு பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் ஜன்னலோரம் வந்து நிற்பாள். டெலிபோன் அவள் தோளைத் தடவி, அக்குளில் இழுத்துப் பார்ப்பாள். ஆறு வருடத்தில் இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவு தொட்டதில்லை.

மருமகள் கொஞ்சம் கொஞ்சமாக மனம்விட்டுப் பேச ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு கேட்டாள்: "அத்தை, அவர் முன்ன மாதிரி இல்ல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"கண்ணி எண்ணிக்கிட்டிருக்கேன். பேச்சுக் குடுக்காதே."

அடுத்த ஞாயிறும் கேட்டாள். "ஆபீஸ்ல ஆயிரம் தொல்லை இருக்கும்" என்று டெலிபோன் பூசி மெழுகினாள். மூன்றாவது தடவை, "சந்தேகப்பட்டா குடும்பம் நடத்த முடியாதும்மா" என்று புத்தியே சொன்னாள். சொல்லும்போதே நாக்குக் கசந்தது. ஆனாலும் அவன் பெற்ற பிள்ளை. இருப்பது அவன் வீடு. கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்துவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பின்னலைத் தொடர்ந்தாள்.

உடம்பு முடிந்தது, ஒரு கையும் முடிந்தது. இரண்டாவது கைக்கு ஒரு கண்டு குறைந்தது. அந்தத் தெருப்பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. முட்டிவலி என்றாள். மருமகள், சொல்லாமல் கொள்ளாமல், நூலைச் சுற்றியிருந்த, கடைப் பெயர் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து எப்போதும்போல ஜன்னலோரம் நின்றாள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெறும் கையை நீட்டினாள்.

"கடைக்காரம்மா உங்களை நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க. மகனையும் மருமகளையும் எதிர்க்கடையில பார்த்தீங்களாமே? மருமகதானான்னு கேட்டதுக்குத் தலையாட்டினீங்களாம்."

டெலிபோன் ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்தாள்.

"மூணு தடவை கேட்டேன், அத்தை. அவர் பொய் சொன்னதைக்கூடத் தாங்கிடுவேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்மா..."

"என் மனசு நோகாம இருக்கவா, உங்க பிள்ளை மாட்டிக்காம இருக்கவா?"

மருமகள் தலை வழியாக ஸ்வெட்டரைக் கழற்றினாள். கண்ணி நழுவிவிடாமல் பார்த்து மடித்து, புதுக் கண்டை அதன் மேல் வைத்தாள். மறுநாள் காலை பெட்டியோடு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மகன் வந்து தாயின் கட்டிலில் உட்கார்ந்தான். காப்பிக் கடையில் அவனோடு இருந்தவளைப் பற்றித்தான் பேச்சு. "அவ ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுவா. அந்தப் பச்சை ஸ்வெட்டர் சும்மாதானே கிடக்கு? முடிச்சுக் குடும்மா. அவளுக்கும் அந்த அளவுதான்."

"அது அவளுக்குப் போட்டது இல்ல" என்றாள். மகனுக்கு எதிராக அவள் பேசியது அதுதான் முதல் தடவை. யாருக்கும் அதனால் பிரயோசனம் இல்லை.

அளவு பார்க்க ஆளில்லாமலே இரண்டாவது கையை முடித்தாள். பையில் போட்டுக்கொண்டு, சர்க்கரை பார்க்க வந்தவளைப்போலப் பரிசோதனைக் கூடத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவில்லை. "பேரு, வயசு சொல்லுங்கம்மா."

வருகிற பெண்களை எல்லாம் அவள் அப்படித்தான் 'அம்மா' என்பாள். டெலிபோன் பேரும் வயதும் சொன்னாள்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"கையை இறுக்கி மூடிக்குங்க."

ஊசி வலிக்கவே இல்லை. அவ்வளவு பக்குவமான கை. பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கிவிட்டாள். டெலிபோன் பையை மேசைமேல் தள்ளினாள். மருமகள் உள்ளே பச்சையைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது இங்க வைக்கக் கூடாது. மறந்து விட்டுட்டுப் போற சாமான் எல்லாம் வெளிக் கவுண்டர்ல வாங்கிப்பாங்க. ரிப்போர்ட் நாலு மணிக்கு. அடுத்து யாரு?"

அடுத்தவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். டெலிபோன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கவுண்டரில் கொடுக்கவில்லை. ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கவில்லை.

வீட்டில் புதியவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குறை சொல்ல முடியாத பெண். "அத்தை, நீங்க நல்லா பின்னுவீங்கன்னு இவர் சொன்னார். எனக்கு ஒண்ணு பின்னித் தருவீங்களா?"

"கண்ணு சரியாத் தெரியலம்மா இப்பல்லாம்" என்றாள் டெலிபோன்.